சத்தும் சுவையும் குறையாமல் கலோரியைக் குறைப்போம்

திருச்சி மாநகரில் பொழுது புலருமுன்பே விழித்துக்கொள்ளும் இடம் காந்தி மார்க்கெட். நீலகிரி மலையிலிருந்து காரட், கோசு, பீன்ஸ் முதலியவையும், பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வெங்காயமும், தொட்டியம், முசிறி, லால்குடி முதலிய காவிரிக் கரை ஊர்களிலிருந்து வாழைத்தார்களும் இரவோடு இரவாக வந்து இறங்குகின்றன. மலைக் காய்களை 'இங்கிலீஷ் காய்' என்றும், புடலை, சுரை, பீர்க்கு, அவரை, கத்தரி முதலியவற்றை 'நாட்டுக் காய்' என்றும் வியாபாரிகள் பிரித்துச் சொல்வர். ஸ்ரீரங்கம், உறையூர், பாலக்கரை, பொன்மலை ஆகிய பகுதிகளின் அடுக்களைகளுக்கெல்லாம் இங்கிருந்தே பை நிரம்புகிறது.

இவ்வளவு நல்ல காய்கறி நம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், நம் இல்லங்களில் இரண்டு குறைகள் ஒன்றாகக் குடியிருக்கின்றன. ஒன்று உடல் பருமன். மற்றொன்று இரத்த சோகை. இவ்விரண்டையும் ஒரே சமயத்தில் எப்படி எதிர்கொள்வது என்பதை மனையியல் பாடத்தில் நாம் கற்ற முறைப்படி இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பசியிலிருந்து பருமனுக்கு

நம் மாநிலம் பசியோடு போராடிய வரலாறு நெடியது. 1956-இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1982-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில்தான் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 2022-இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. குழந்தைகளின் வயிறு நிறைய வேண்டும் என்பதே இவற்றின் முதல் நோக்கம்.

இன்று வேறொரு நிலையையும் காண்கிறோம். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். அதே கணக்கெடுப்பில், அதே வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்த சோகை இருப்பதும் தெரிய வந்தது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது.

இவ்விவரங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். நம் தட்டில் சக்தி மிகுதியாக இருக்கிறது, சத்துப் போதவில்லை. எனவே, 'குறைவாகச் சாப்பிடு' என்று சொல்வதால் மட்டும் பயனில்லை. சோற்றையும் காயையும் ஒருசேரக் குறைத்தால் எடை சற்றுக் குறையலாம், சோகை முற்றிவிடும். எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்று அறிந்து செய்வதே அறிவுடைமை.

கலோரி என்றால் என்ன?

ஒரு கிலோ தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்த்தத் தேவையான வெப்ப சக்தியே உணவுக் கணக்கில் ஒரு கலோரி எனப்படுகிறது. மாவுச் சத்து ஒரு கிராம் 4 கலோரியும், புரதச் சத்து ஒரு கிராம் 4 கலோரியும், கொழுப்புச் சத்து ஒரு கிராம் 9 கலோரியும் தருகின்றன. தண்ணீருக்கும் உப்புக்கும் வைட்டமின்களுக்கும் கலோரி கிடையாது. இந்த மூன்று எண்களை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

உணவின் சத்துக்களை அளந்து அட்டவணை இடும் பணி நம் தமிழகத்து மண்ணிலேயே வளர்ந்தது என்பது நமக்குப் பெருமை. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அந்தச் சிறு ஆய்வுக்கூடமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் இயக்குநராக விளங்கினார். அவரும் உடன் பணியாற்றியோரும் 1971-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து மதிப்பு என்னும் நூல் பல்லாண்டுக் காலம் மனையியல் மாணவியரின் கைந்நூலாக இருந்தது. 2017-இல் புதிய அட்டவணைகளும் வந்துள்ளன. இக்கட்டுரையில் வரும் எண்கள் இத்தகைய அட்டவணைகளைத் தழுவியவை. காய்க்குக் காய் சிறிது மாறுபடும் ஆதலால் எல்லாவற்றையும் 'சுமார்' என்றே கொள்க.

சில தவறான எண்ணங்கள்

முதலாவது, 'சோற்றை விட்டுச் சப்பாத்தி சாப்பிட்டால் உடல் இளைக்கும்' என்பது. 100 கிராம் அரிசியில் சுமார் 345 கலோரி. 100 கிராம் கோதுமையிலும் அவ்வளவே. கேழ்வரகில் சுமார் 328, கம்பில் 361. தானியம் எதுவானாலும் சக்தி ஏறத்தாழ ஒன்றுதான். நான்கு சப்பாத்தியை எண்ணெய் தடவிச் சுட்டு, குருமாவில் தோய்த்து உண்டால் கணக்குக் கூடுமே தவிரக் குறையாது. கேழ்வரகின் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. அதில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச் சத்து உண்டு, நார்ப்பொருளும் மிகுதி. கம்பில் இரும்புச் சத்து அதிகம். இவற்றுக்காகவே சிறு தானியங்களை உண்ண வேண்டும்.

இரண்டாவது, 'சர்க்கரைதான் கெடுதல், வெல்லம் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம்' என்பது. சர்க்கரையில் 100 கிராமுக்கு 398 கலோரி, வெல்லத்தில் 383. வேறுபாடு மிக அற்பம்.

மூன்றாவது, 'நல்லெண்ணெய் உடலுக்கு நல்லது, அதனால் கணக்கில்லை' என்பது. நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காயெண்ணெய், நெய் ஆகிய எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு 900 கலோரிதான். குணத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடலாம்; கலோரியில் வேறுபாடில்லை.

நான்காவது, 'கஞ்சியை வடித்துவிட்டால் சோறு இலேசாகிவிடும்' என்பது. வடித்த கஞ்சியோடு போவது சிறிதளவு மாவுச் சத்தே. ஆனால் தண்ணீரில் கரையும் பி வைட்டமின்கள் அதனோடு பெருமளவு போய்விடுகின்றன. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவுவதும் அவ்வாறே. குன்னூரில் ஆராயப்பட்ட பெரிபெரி நோய், பி வைட்டமின்களில் ஒன்றாகிய தயாமின் குறைவால் வருவது. நன்றாகத் தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்தோரிடம் அது மிகுதியாகக் கண்டது. புழுங்கலரிசி உண்போரிடம் அரிதாக இருந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் அரிசிக்குள் ஊறிவிடுவதே காரணம். சோற்றை இலேசாக்க விரும்பினால் அளவைத்தான் குறைக்க வேண்டும்.

கலோரி ஒளிந்திருக்கும் இடங்கள்

எண்ணெய்: ஒரு தேக்கரண்டி எண்ணெய் சுமார் 5 கிராம், அதாவது 45 கலோரி. நான்கு தேக்கரண்டியில் 180 கலோரி. இதே 180 கலோரியைப் புடலங்காயிலிருந்து பெற வேண்டுமானால் ஒரு கிலோ புடலங்காய் உண்ண வேண்டும்! காய்க்குப் பயந்து எண்ணெய்க்குப் பயப்படாமல் இருக்கிறோம். நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்கு 27 கிராம் அளவில் எண்ணெயும் கொழுப்பும் போதும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி கூறுகிறது. நால்வர் உள்ள வீட்டுக்கு இதை மாதக் கணக்காக்கினால் நெய்யையும் சேர்த்துச் சுமார் மூன்றரை லிட்டர் ஆகிறது. நம் வீட்டு மாதச் சாமான் பட்டியலை எடுத்துப் பாருங்கள். விடை அதிலேயே இருக்கும்.

எண்ணெயை அடியோடு நீக்குவதும் தவறு. கீரையிலும் காரட்டிலும் உள்ள வைட்டமின் ஏ-யின் மூலப்பொருளை உடல் ஏற்கச் சிறிது கொழுப்பு வேண்டும். தாளிக்கும் ஒரு கரண்டி எண்ணெய் அதற்குப் போதுமானது.

தேங்காய்: துருவிய தேங்காய் 100 கிராமில் சுமார் 444 கலோரி. தேங்காயின் மணம் வேண்டியதே. ஆனால் மணத்துக்கு ஒரு மேசைக்கரண்டித் துருவல் போதும். அதைக் கூட்டில் கொதிக்க விடாமல் இறக்கும் தறுவாயில் தூவினால் குறைந்த அளவே நிறைந்த மணம் தரும்.

பால்: ஆவினின் ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் உள்ள நிறை கொழுப்புப் பாலில் கொழுப்பு 6 சதவீதம்; நீல நிறப் பாக்கெட்டின் சமன்படுத்திய பாலில் 3 சதவீதம். நாளொன்றுக்கு 300 மில்லி அருந்துபவர் நீலத்துக்கு மாறினால் 9 கிராம் கொழுப்பு, அதாவது சுமார் 80 கலோரி குறைகிறது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. சத்துக் குறையாமல் கலோரி குறைவதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு இல்லை. வெண்ணெய் எடுத்த மோரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெயில் காலத்தில் திருச்சிக்கு அதுவே அமிழ்தம்.

சர்க்கரை: காப்பிக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நாளுக்கு மூன்று முறை என்றால் 30 கிராம், 120 கலோரி. இதில் சக்தி தவிர வேறு சத்து எதுவும் இல்லை. உணவில் சேர்க்கும் சர்க்கரை முதலியன மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. ஒரே நாளில் பாதியாக்கினால் நாக்கு முரண்டு பிடிக்கும். வாரத்துக்குக் கால் தேக்கரண்டி வீதம் குறைத்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

நொறுக்குத் தீனி: மணப்பாறை முறுக்கின் புகழ் நாடறிந்தது. அதன் சுவையை நாம் குறை கூறப் போவதில்லை. ஆயினும் எண்ணெயில் பொரித்த எந்தப் பலகாரத்திலும் 100 கிராமுக்கு 500 கலோரி வரை இருக்கும். மாலையில் 50 கிராம் தின்றால் 250 கலோரி. அதற்குப் பதில் 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்து, கடுகு தாளித்து, சிறிது தேங்காயும் மாங்காயும் தூவிச் சுண்டலாக உண்டால் 150 கலோரிதான். 5 கிராம் புரதமும், நார்ப்பொருளும் கூடுதலாகக் கிடைக்கும். வடை உண்ண ஆசை எழுந்தால் வடை மாவைக் குழிப்பணியாரச் சட்டியில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டு வேகவைக்கலாம். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் கெடாது.

சுவை எங்கிருந்து வருகிறது?

எண்ணெயும் தேங்காயும் குறைந்தால் சமையல் சப்பென்றாகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. புளி, எலுமிச்சை, நார்த்தங்காய், தக்காளி ஆகியவை புளிப்பைத் தருகின்றன. இஞ்சி, மிளகு, சீரகம், பெருங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா ஆகியவை மணத்தைத் தருகின்றன. வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்த மல்லியும் மிளகும் எண்ணெயில்லாமலே வாசனை வீசும். இவற்றுக்கெல்லாம் கலோரி மிகச் சொற்பம். இன்னுஞ் சில வழிகளைக் கீழே தருகிறோம்.

1. தாளிக்கச் சிறிய இரும்புக் கரண்டியைப் பயன்படுத்துக. அகன்ற வாணலியில் கடுகு பொரிய நிறைய எண்ணெய் வேண்டும்; சிறு கரண்டியில் ஒரு தேக்கரண்டியே போதும்.

2. எண்ணெய்ப் பாத்திரத்திலிருந்து நேரே ஊற்றாமல், தேக்கரண்டியால் அளந்து விடுக.

3. உருளை, சேனை, வாழைக்காய் முதலியவற்றை முதலில் அரை வேக்காடு அவித்துவிட்டுப் பிறகு பிரட்டுக. பச்சையாக வதக்கினால் எண்ணெயை மிகுதியாக இழுக்கும்.

4. குருமாவுக்கு முழுத் தேங்காய்க்குப் பதில், சிறிது தேங்காயோடு பொட்டுக்கடலையும் தக்காளியும் அரைத்து விடுக. கெட்டித் தன்மை குறையாது, புரதம் கூடும்.

5. பீர்க்கங்காய்த் தோலை எறியாதீர்கள். உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியோடு துவையல் அரைத்தால் தேங்காய்ச் சட்டினியின் நினைவே வராது.

6. இட்லி ஆவியில் வேகும் அருமையான உணவு. ஆனால் மிளகாய்ப் பொடியைக் குழைக்க ஊற்றும் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் 90 கலோரி. அது ஓர் இட்லியினுடையதற்கும் மேல். பொடியில் பாதி எண்ணெயும் பாதி மோரும் விட்டுக் குழைத்துப் பாருங்கள்.

7. உப்பைக் கூட்டிச் சுவை தேடாதீர்கள். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமே அளவு.

சத்தைக் காக்கும் முறைகள்

கலோரியைக் குறைத்தபின், உண்ணும் ஒவ்வொரு கவளமும் சத்துள்ளதாக இருக்க வேண்டும். காயை முழுதாகக் கழுவிய பின்னரே நறுக்க வேண்டும். நறுக்கிக் கழுவினால் வைட்டமின்கள் நீரோடு போகும். சிறிதளவு நீரில் மூடி வைத்து வேகவைக்க வேண்டும். வேகவைத்த நீரை ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துவிடலாம்.

கீரையின் பெருமையைச் சொல்லி முடியாது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, முளைக்கீரை ஆகியவற்றில் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ஏ தரும் பொருளும் மிகுதி. ஆனால் கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. அதற்கு வைட்டமின் சி துணை செய்யும். எனவே கீரைக் கடைசலோடு எலுமிச்சைச் சாறு, உணவுக்குப் பின் ஒரு கொய்யாப்பழம் அல்லது ஒரு நெல்லிக்காய் என்று சேர்த்துக்கொள்க. 100 கிராம் கொய்யாவில் சுமார் 50 கலோரியும் 200 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் உண்டு. உணவு உண்டவுடன் டீ, காப்பி குடிக்கும் பழக்கம் இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பது நலம்.

வாழை, திருச்சிக்குக் கிடைத்த செல்வம். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-இல் நம் திருச்சியிலேயே நிறுவப்பட்டது. வாழையின் பூ, தண்டு, காய், பழம், இலை எல்லாம் பயன்படுகின்றன. வாழைத்தண்டில் 100 கிராமுக்குச் சுமார் 42 கலோரி, வாழைப்பூவில் 34, வாழைக்காயில் 64. ஒரு பூவன் பழம் தருவது 80 முதல் 90 கலோரி. மாலைப் பசிக்கு ஒரு பழம் போதுமான உணவாகும்.

செய்து பார்க்க இரண்டு பண்டங்கள்

வாழைத்தண்டுக் கூட்டு (நான்கு பேருக்கு): நறுக்கிய வாழைத்தண்டு 400 கிராம், பாசிப்பருப்பு 80 கிராம், தேங்காய்த் துருவல் 20 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி, சீரகம், பச்சை மிளகாய், மஞ்சள் தூள், கறிவேப்பிலை, உப்பு. தண்டை வில்லைகளாக அரிந்து, நாரை விரலில் சுற்றி எடுத்து, பொடியாக நறுக்கி மோர் கலந்த நீரில் போடுக, கறுக்காது. பருப்பை மஞ்சள் தூளுடன் முக்கால் பதம் வேகவைத்துத் தண்டைச் சேர்க்க. வெந்ததும் சீரகம், மிளகாய், தேங்காய் மூன்றையும் அரைத்துக் கலந்து ஒரு கொதி வந்ததும் இறக்கித் தாளிக்க. ஒருவருக்குச் சுமார் 145 கலோரி. புரதம் ஐந்தரைக் கிராம். இதையே 75 கிராம் தேங்காயும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் விட்டுச் செய்தால் ஒருவருக்கு 260 கலோரி ஆகிவிடும். பருப்பிலும் தண்டிலும் உள்ள சத்து இரண்டிலும் ஒன்றே.

சுட்ட கத்தரிக்காய்க் கொத்சு (நான்கு பேருக்கு): பெரிய கத்தரிக்காய் அரைக் கிலோ, சின்ன வெங்காயம் 100 கிராம், தக்காளி 100 கிராம், நெல்லிக்காயளவு புளி, நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி, சாம்பார்ப் பொடி, பெருங்காயம், உப்பு. கத்தரிக்காயின் மேல் இலேசாக எண்ணெய் தடவித் தணலில் திருப்பித் திருப்பிச் சுடுக. தோல் கருகி உள்ளே குழைந்ததும் உரித்து மசிக்க. மீதி எண்ணெயில் கடுகு தாளித்து வெங்காயம், தக்காளி வதக்கி, புளிநீரும் பொடியும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மசித்த காயைக் கலந்து இறக்குக. சுட்ட மணமே இதன் சுவை. ஒருவருக்கு 85 கலோரிக்கு மேல் போகாது. இட்லிக்கும் வெண்பொங்கலுக்கும் ஏற்றது.

ஒரு நாள் கணக்கு

இப்போது ஓர் இல்லத்தரசியின் ஒரு நாள் உணவை எடுத்துக்கொள்வோம். மூன்று வேளைக் காப்பிக்கு 300 மில்லி நிறை கொழுப்புப் பாலுக்குப் பதில் சமன்படுத்திய பாலும், இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரைக்குப் பதில் ஒன்றும் என்று மாற்றினால் சுமார் 140 கலோரி குறையும். நாள் முழுவதும் சமையலில் அவர் பங்குக்கு வரும் எண்ணெயை 45 கிராமிலிருந்து 27 கிராமாக்கினால் சுமார் 160. தேங்காயை 25 கிராமிலிருந்து 10 கிராமாக்கினால் சுமார் 65. பகலில் 150 கிராம் அரிசிச் சோற்றை 110 கிராமாக்கி, அந்த இடத்தில் 150 கிராம் நாட்டுக் காயும் 10 கிராம் பருப்பும் கூட்டினால், கூட்டியது போக மிச்சம் சுமார் 70. மாலை முறுக்குக்குப் பதில் சுண்டல் என்றால் சுமார் 100. ஆக மொத்தம் 535 கலோரி!

இவ்வளவு குறைந்தும் தட்டு காலியாகவில்லை, முன்னிலும் நிறைந்திருக்கிறது. காய் கூடியது, பருப்பு கூடியது, நார்ப்பொருள் கூடியது. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். நாளுக்கு 100 கலோரி மிஞ்சினாலும் ஏட்டுக் கணக்குப்படி 77 நாளில் ஒரு கிலோ சேரும். உடல் தன்னைத் தானே ஓரளவு சரிசெய்துகொள்வதால் நடைமுறையில் நாள் கூடலாம், திசை மாறாது. எல்லா மாற்றங்களையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கினால் வீட்டில் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

பண்டிகைகளைப் பற்றியும் ஒரு சொல். ஸ்ரீரங்கத்து அக்காரவடிசலும், ஆடிப் பதினெட்டின் சித்திரான்னங்களும், கிறிஸ்துமஸ் கேக்கும், ரமலான் நோன்புக் கஞ்சியும் நம் ஊரின் இன்பங்கள். அவற்றில் நெய்யையும் வெல்லத்தையும் எண்ணிக் கொண்டிருக்க வேண்டாம். பண்டிகை ஆண்டில் சில நாட்களே. மற்ற நாட்களின் உணவே உடலை ஆக்குகிறது. ஆனால் அந்தச் சில நாட்களின் பலகாரத் தூக்கு அடுத்த இரண்டு வாரமும் அலமாரியில் இருக்குமாயின், அக்கம் பக்கத்தாருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதே நல்லது.

மாணவியருக்கு ஒரு வேண்டுகோள்

இதுவரை கூறியவற்றைப் படித்துவிட்டு நம் தோழியரில் யாரேனும் இன்று இரவே பட்டினி கிடக்கத் தொடங்கிவிடக் கூடாது என்பது எங்கள் கவலை. ஆகவே இதைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறோம். 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த அளவின்படி, 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 2,400 கலோரி. 16, 17 வயதில் 2,500. மிகுதி உடலுழைப்பு இல்லாத வளர்ந்த பெண்ணுக்கோ சுமார் 1,660. அதாவது அம்மாவை விட மகளுக்கு அதிகம் வேண்டும்! எலும்பு வளர்கிறது, இரத்தம் பெருக வேண்டும், மாதந்தோறும் இரும்புச் சத்து இழப்பும் உண்டு. இந்த வயதுக்கு நாளுக்குச் சுமார் 30 மில்லிகிராம் இரும்பும் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் தேவை.

காலை உணவைத் தவிர்ப்பதும், சோற்றை ஒதுக்கிவிட்டுப் பிஸ்கட்டால் வயிற்றை நிரப்புவதும், யாரோ கேலி செய்தார்கள் என்று தட்டைத் தள்ளிவைப்பதும் அழகு தராது. களைப்பும், தலைச்சுற்றலும், மனம் ஒருமுகப்படாமையும், முடி உதிர்தலும்தான் தரும். உடன் படிக்கும் தோழியின் பருமனையோ மெலிவையோ பற்றிப் பேசிச் சிரிப்பது ஒருவரைப் பட்டினிக்குத் தள்ளக்கூடும் என்பதையும் நாம் உணர வேண்டும். வளரும் பெண் குறைக்க வேண்டியவை சர்க்கரை பானமும், பொரித்த பண்டமும், பாக்கெட்டில் வரும் தீனியுமே. சோறு, பருப்பு, பால், முட்டை, மீன், கீரை, காய், பழம் ஆகியவற்றைக் குறைக்கலாகாது. எடை பற்றிய ஐயம் இருந்தால் மருத்துவரையோ சத்துணவு வல்லுநரையோ கேட்பதே முறை. நீரிழிவு, சிறுநீரக நோய், இதய நோய் உள்ள பெரியோர்களும், கருவுற்ற தாய்மார்களும் தங்கள் உணவை மாற்றுமுன் மருத்துவரைக் கலந்து கொள்ள வேண்டும்.

முடிவுரை

உணவின் அளவைப் பற்றிக் கூற வந்த திருவள்ளுவர், அதனை 'மருந்து' என்னும் அதிகாரத்திலேயே வைத்தார். அளவறிந்து உண்பவருக்கு வேறு மருந்து வேண்டியதில்லை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இன்று நமக்கு அட்டவணையும், தராசும், அளவுக் கரண்டியும் கூடுதலாகக் கிடைத்திருக்கின்றன.

இல்லத்தின் ஆரோக்கியம் அங்காடியில் தொடங்கி அடுக்களையில் முடிவாகிறது. அந்தப் பொறுப்பைத் தாயார் ஒருவரே சுமக்க வேண்டும் என்பதில்லை. தந்தையும் அண்ணனும் தம்பியும் கூடப் பங்கு கொள்ளலாம். அடுத்த முறை பெற்றோருடன் காந்தி மார்க்கெட் செல்லும்போது பையில் முதலில் இரண்டு கட்டுக் கீரையும், ஒரு வாழைத்தண்டும், ஒரு கிலோ நாட்டுக் காயும் ஏறட்டும். மளிகைக் கடையில் எண்ணெயின் அளவு ஒரு படி இறங்கட்டும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு எடையும், நமக்குச் சோகையும் குறையும் வழி இதுவே. நாம் கற்ற மனையியல் பாடம் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல் நம் வீட்டுத் தட்டுக்கு வந்து சேர முயல்வோமாக!